நாளாந்தப் பத்தியை இலக்கியமாக்கிய ஒல்லாந்தர்

ஒல்லாந்தர் என்றதும் எமது வாசகர்களுக்குக் கரையோரக் கோட்டைகளும், தோம்பு ஏடுகளும், ரோமன் டச்சுச் சட்டமுமே நினைவுக்கு வருவது இயல்பு. அந்நாட்டின் எழுத்தாளர்கள் தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை. அவர்களுள் சிமோன் கார்மிகெல்ட் பத்திரிகைத் துறையில் உள்ள எவரும் அறிந்திருக்க வேண்டியவர் என நாம் கருதுகின்றோம். இன்று வாசிக்கப்பட்டு நாளை பொதி சுற்றப் பயன்படுவது எனக் கருதப்பட்ட பத்தி எழுத்தை, ஒரு நாட்டின் உயரிய இலக்கிய விருது வரை கொண்டு சென்றவர் அவர்.

1913 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹேக் நகரில் பிறந்த கார்மிகெல்ட், இளவயதிலேயே பத்திரிகைத் துறையில் நுழைந்தார். சமூக ஜனநாயகவாதிகளின் நாளேடான 'ஹெட் வோல்க்'கின் ஹேக் பதிப்பாக 'வோராய்ட்' வெளிவந்தது. அதில் 'சில்லறை விடயங்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சிறு பத்திகள் வாசகர்களைக் கவர்ந்தன. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த ஐம்பது 1940இல் நூலாக வெளிவந்தன.

அதே ஆண்டு மே 10ஆம் திகதி ஹிட்லரின் படைகள் நெதர்லாந்தினுள் புகுந்தன. ஐந்து நாட்களில் நாடு சரணடைந்தது. ஆக்கிரமிப்பாளர்கள் முதலில் கைவைத்த இடங்களுள் பத்திரிகைக் காரியாலயங்களும் அடங்கும். சில வாரங்களிலேயே 'ஹெட் வோல்க்' நிறுவனம் நாஸி ஆதரவாளர்களின் கைக்கு மாறியது. கார்மிகெல்ட் அத்தொழிலிலிருந்து விலகினார். பேனா பிடித்துப் பிழைக்கும் ஒருவர், தமக்குத் தெரிந்த ஒரே தொழிலைக் கைவிடுவதென்பது இலகுவான தீர்மானமன்று.

இரகசியமாக அச்சிடப்பட்டு வந்த 'ஹெட் பரோல்' பத்திரிகையுடன் பின்னர் அவர் இணைந்து கொண்டார். 'பரோல்' என்றால் இரகசியக் குறிச்சொல் என்று பொருள். 1941 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட அந்த ஏட்டை அச்சிடுவதும் கைமாற்றுவதும் உயிரைப் பணயம் வைக்கும் காரியங்களாக இருந்தன. அதனோடு தொடர்புடைய 13 பேர் 1943 பெப்ரவரி 5ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பதிலிருந்து அபாயத்தின் அளவை ஊகித்துக் கொள்ளலாம். அவ்வேட்டின் தயாரிப்பிலும் விநியோகத்திலும் கார்மிகெல்ட் பங்கெடுத்தார். அவரது சகோதரர் ஜான் கைது செய்யப்பட்டு, 1943இல் ஃபுக்ட் வதைமுகாமில் உயிரிழந்தார். இந்த இழப்பின் நிழல் கார்மிகெல்ட்டின் வாழ்விலிருந்து ஒருபோதும் அகலவில்லை.

1945 மே மாதம் நாடு விடுதலை பெற்றதும் 'ஹெட் பரோல்' பகிரங்கமான நாளேடாயிற்று. 1946இல் கார்மிகெல்ட் அதில் 'குரோங்கல்' என்ற புனைபெயரில் தமது பத்தியை ஆரம்பித்தார். நெளிவு அல்லது வளைவு என்பது அச்சொல்லின் பொருள். 1983 வரை தொடர்ந்த இப்பத்தியில் அவர் எழுதியவை ஏறத்தாழ பத்தாயிரம் எனக் கணக்கிடப்படுகின்றது. ஒரே பத்திரிகையில், ஒரே மனிதர், முப்பத்தேழு ஆண்டுகள் இவ்வாறு எழுதியமை எந்த மொழியிலும் அரிதானதே.

அவர் எதை எழுதினார்? அரசியல் தலைவர்களையோ உலக மாநாடுகளையோ அவரது பத்திகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அம்ஸ்டர்டாமின் பூங்காக்களில் தனித்திருக்கும் முதியவர்கள், மதுச்சாலைகளில் தமது தோல்விகளை யாரிடமாவது சொல்லிவிடத் துடிக்கும் மனிதர்கள், சிறுவர்கள், வீட்டுப் பூனைகள் ஆகியோரே அவரது பாத்திரங்கள். பேச்சு நடையும் அடங்கிய சோகமும் கலந்த சிரிப்பு அவருடையது. ஒருவரைப் பார்த்து வாசகர் சிரிக்கத் தொடங்கி, முடிவில் அம்மனிதருக்காக மனம் கனத்து நிற்பார். எளியவரை எள்ளி நகையாடாமல் நகைச்சுவை எழுதுவது எத்துணை கடினம் என்பதை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அவருக்குக் கவிஞர் என்ற மற்றொரு முகமும் உண்டு. 'காரல் பிரல்லெபுட்' என்ற வேறொரு புனைபெயரில் அவர் எதுகை நயம் மிக்க கவிதைகளை எழுதினார். முதற்றொகுதி 1948இல் வெளிவந்தது. கவிதைகளின் திரட்டு 1974இல் நூலாயிற்று. பத்தியில் பணிவாக ஒலித்த அதே கசப்பும் கேலியும் கவிதையில் கூர்மையாக வெளிப்பட்டன எனலாம்.

நாளேட்டில் எழுதுபவரை இலக்கியவாதியாக ஏற்கலாமா என்ற தயக்கம் எல்லா மொழிகளிலும் உண்டு. கார்மிகெல்ட்டுக்கு 1961இல் கொன்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் பரிசும், 1974ஆம் ஆண்டுக்கான பி.சி. ஹோஃப்ட் விருதும் கிடைத்தமை அத்தயக்கத்துக்கு நெதர்லாந்து அளித்த பதிலாகும். எழுபதுகளில் அவர் தமது கதைகளைத் தொலைக்காட்சியில் வாசித்தபோது, பத்திரிகை வாங்காதவர்களும் அந்த வாடிய முகத்தையும் நிதானமான குரலையும் அறிந்து கொண்டனர். 1987 நவம்பர் 30ஆம் திகதி, தமது 74ஆவது வயதில் அவர் அம்ஸ்டர்டாமில் காலமானார். 'ஹெட் பரோல்' இன்றும் அந்நகரிலிருந்து வெளிவந்து கொண்டிருக்கின்றது.

உயிரைப் பணயம் வைத்து ஒரு பத்திரிகையைக் காத்தவர், விடுதலை கிடைத்த பின்னர் அதே பத்திரிகையில் பூங்கா வாங்கில் அமர்ந்திருக்கும் கிழவரைப் பற்றி எழுதினார் என்பது சிலருக்கு விந்தையாகப் படலாம். நாம் அதில் முரண்பாடு எதனையும் காணவில்லை. மனிதர்களை எண்களாக்கி முகாம்களில் அடைத்த ஓர் ஆட்சியை எதிர்த்து நின்றவருக்கு, பெயர் தெரியாத ஒவ்வொரு மனிதரும் செவிமடுக்கத் தக்கவராகத் தோன்றியதில் வியப்பென்ன? அச்சமின்றி ஒரு சாதாரண மனிதரின் கதையைக் கேட்கவும், அதை உள்ளவாறே எழுதவும், அடுத்த நாள் அது அச்சாகவும் முடிகின்ற நிலைக்குப் பெயர்தான் பத்திரிகைச் சுதந்திரம். பெரிய தலைப்புச் செய்திகளால் மட்டுமே பத்திரிகை வாழ்வதில்லை. அதன் மூலையொன்றில் தம்மைப் போன்ற ஒருவரை வாசகர் சந்திக்கும் வரையில்தான் அது மக்களுடையதாக இருக்கும்.