உயிரியல் படிக்கும் பிள்ளைக்குக் கணினி எதற்கு?

"என் மகளுக்குக் கணக்கு வராது, அதனால் உயிரியல் எடுக்கட்டும்" என்று சொல்லும் பெற்றோர் நம் தோட்டங்களில் பலர் உண்டு. அன்பர்களே, அந்தக் காலம் போய்விட்டது. இன்று பல்கலைக்கழகங்களில் உயிரியல் மாணவர்களும் கணினிக்கு நிரல் எழுதிப் பழகுகிறார்கள். நிரல் என்றால், இன்ன கணக்கை இன்ன முறையில் செய் என்று கணினிக்கு வரிவரியாக எழுதித் தரும் கட்டளை. அவ்வளவுதான். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், போர்ட்டல் என்ற ஊருக்கு அருகே 1977இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பாலைவனத்தில் 24 நிலத்துண்டுகளைப் பிரித்து, கூண்டு வைத்து எலிகளைப் பிடித்தார்கள். இனம், ஆணா பெண்ணா, எடை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மீண்டும் விட்டுவிட்டார்கள். 2002 வரை சேர்ந்த குறிப்புகளே சுமார் 35,000 வரிகள்! கையால் கூட்டி முடியுமா? 'டேட்டா கார்ப்பென்ட்ரி' என்ற பயிற்சித் திட்டத்தில், 'ஆர்' என்னும் கணினி மொழியை இந்த எலிக் கணக்கை வைத்தே கற்பிக்கிறார்கள். எலியை அறிந்த மாணவனுக்கு, விடை தவறாக வந்தால் உடனே சந்தேகம் தட்டும்.

அந்தக் குறிப்புகளில் சில எலிகளுக்கு எடை எழுதப்படவில்லை. அங்கேதான் நல்ல பாடம் இருக்கிறது. வெற்றிடம் வேறு, சுழியம் வேறு.

நம் செக்ரோலையே பாருங்கள். ஒருவர் ஐந்து நாள், நாளுக்கு 20 கிலோ பால் எடுத்தார். ஆறாம் நாள் மழை, வேலை இல்லை. வேலை செய்த நாள்களின் சராசரி 20 கிலோ. மழை நாளைச் சுழியமாக்கி ஆறால் வகுத்தால் 17 கிலோகூட வராது. நன்றாக உழைத்தவருக்குக் கெட்ட பெயர்! கணினி கேள்வி கேட்காது, சொன்னதைச் செய்யும். கேட்க வேண்டியது மனிதன்தான்.

ஆகவே, இன்றே பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வீட்டுக் கோழிகள் இடும் முட்டைகளை எழுதட்டும். ஒரு நாளுக்கு ஒரு வரி. ஒரு கட்டத்தில் ஒரே செய்தி. பார்க்காத நாளுக்குச் சுழியம் போடாமல் 'பார்க்கவில்லை' என்று எழுதட்டும். பத்து வரியை முதலில் கையால் கணக்கிடட்டும். பின்னர் கணினி முன் உட்காரும்போது, அது தெரிந்த வேலையாகவே இருக்கும்.

பெண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையானாலும், "உனக்கு வராது" என்ற சொல்லை மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.