பொதிகை ரயிலில் ஏறாத வேலை

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் நின்றுவிட்டது. பொற்கிழி கொடுத்திருந்தால் புலவர் வீட்டு அடுப்பு சில வருஷம் எரிந்திருக்கும். நிலம் பேரன் காலத்திலும் விளையும். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்குப் பிறகு அதே வட்டாரத்தில் அந்தக் கணக்கு வேறு உருவில் வந்து நிற்கிறது. லாபம் பார்க்கும் ஒரு நிறுவனம் தான் இருக்கும் ஊருக்கு எதைக் கொடுக்க வேண்டும்? நன்கொடையா, வேலையா? முதலில் வேலையை, அதிலும் யோசித்து முடிவெடுக்கும் வேலையை என்பது என் கட்சி. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் மத்தளம்பாறை அதற்குச் சாட்சி. முழுச் சாட்சி என்று சொல்ல மாட்டேன்.

1996-இல் ‘அட்வென்ட்நெட்’ ஆகத் தொடங்கி 2009-இல் பெயர் மாறிய ஸோஹோ மென்பொருள் நிறுவனம், 2011-இல் தென்காசியில் சின்னதாக ஓர் அலுவலகம் போட்டது. பெரிய நிறுவனம் சிற்றூரில் கிளை போடுவது புதிதல்ல. ஆனால் அங்கே வந்து சேர்வது பெரும்பாலும் மிச்ச வேலைதான்: தரவு பதிவது, தொலைபேசி எடுப்பது. எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்று தீர்மானிக்கும் வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ தங்கிவிடும். தென்காசியில் கதை வேறு மாதிரி போனது. 2016-இல் வெளிவந்த ‘ஸோஹோ டெஸ்க்’ இங்கே உருவானது. வாடிக்கையாளர் அனுப்பும் புகாரை வாங்கி, உரியவரிடம் சேர்த்து, பதில் போகும்வரை கணக்கு வைக்கும் மென்பொருள் அது. இப்படிப்பட்ட ஒன்றை வடிவமைப்பது பூச்சு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. கோபத்தில் எழுதிய கடிதம் திரையில் எங்கே தெரிய வேண்டும், அதே ஆளின் பழைய புகார் பக்கத்திலேயே நிற்க வேண்டுமா, எந்தப் பொத்தானைக் கைதவறி அழுத்திவிடக் கூடாது என்று வாதாடித் தீர்க்க வேண்டிய வேலை அது. அந்த வாதம் மலையடிவாரத்தில் நடந்தது என்பதுதான் இதில் முக்கியம். மத்தளம்பாறையில் இன்று நிற்கும் அலுவலகக் கட்டடத்தின் அளவோ, நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அந்த ஊருக்கே குடிவந்ததோ எனக்கு அடுத்தபட்சம்தான்.

வேலையோடு படிப்பும் வந்தது. 2005-இல் தொடங்கிய ஸோஹோ பள்ளிகள் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணமில்லாமல் சேர்த்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகின்றன. மென்பொருளுக்குப் போலவே வடிவமைப்புக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. இதற்கெல்லாம் சட்டத்தின் ஏட்டில் என்ன மதிப்பு என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் வேண்டும். ஆனால் நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வதும், தன் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படுவதும் அந்தக் கணக்கில் சேராது. ஏமாற்று வேலையைத் தடுக்க அந்த விதி தேவைதான். இருந்தாலும் விளைவைப் பாருங்கள்: பள்ளிக்கு நாற்காலி வாங்கித் தந்தால் சமூகப் பொறுப்பு, அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஊரிலேயே தொழில் கற்றுக்கொடுத்து மேசை போட்டுத் தந்தால் அது வெறும் வியாபாரம்.

தென்காசி வட்டாரத்தின் பிழைப்பைத் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே உறைக்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். விடுதிக்காரர், பழக்கடைக்காரர், எண்ணெய் தேய்த்துவிடுபவர் எல்லோருக்கும் கை நிறையும். அருவி பாறையாகிவிட்டால் கடைத்தெருவும் காய்ந்துவிடும். மற்ற மாதங்களில் வயல், விசைத்தறி, வீட்டுத் திண்ணையில் பெண்கள் சுற்றும் பீடி. கொஞ்சம் படித்துவிட்ட பிள்ளை செங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிடும். நன்கொடை என்பது சீசன் தண்ணீர் மாதிரி, லாபம் பெருகும் வருஷம் கொட்டும். ஊரில் தங்கும் திறமை குளத்துத் தண்ணீர். மடை திறந்து விடலாம்.

இதில் நிறுவனத்துக்கு என்ன தியாகம் என்று கேட்பார்கள். சென்னையைவிட நிலம் மலிவு, வாழ்க்கைச் செலவு குறைவு, ஆட்கள் அடிக்கடி வேலை மாறுவதில்லை. எல்லாம் உண்மை. அதனால்தான் இது நீடிக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரக்கத்தில் வைத்த அலுவலகத்தை முதல் மந்த வருஷத்திலேயே மூடிவிடுவார்கள். தனக்கும் ஆதாயம் இருக்கும் இடத்தை எந்த முதலாளியும் லேசில் விடமாட்டார். பட்டத்தைப் பற்றிய கேள்விக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. கல்லூரிக்குப் போகாமல் இங்கே தொழில் கற்றவர் நாளைக்கு வேறு கதவைத் தட்டினால், ‘டிகிரி எங்கே?’ என்பதுதான் முதல் கேள்வி. அப்போது பயிற்சியே ஒரு வகைக் கட்டாக மாறிவிடும். இந்தக் கட்டை அவிழ்க்க வேண்டியவர்கள் நிறுவனத்துக்கு வெளியே இருக்கிறார்கள். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய பயிற்சியைத் தேர்வு வைத்துச் சோதித்து, பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ள அது போன்ற நிறுவனங்கள் முன்வரலாம்.

இதைவிடக் கனமானது ஒற்றைத் தூண் என்ற ஆட்சேபம். இத்தாலியில் சோலோமியோ என்றொரு சிற்றூர். ஆடை வடிவமைப்பாளர் புருனெல்லோ குச்சினெல்லி 1985-இல் அங்கிருந்த பழைய கோட்டையை வாங்கித் தன் நிறுவனத்தைக் கொண்டுவந்தார். பிறகு நாடக அரங்கு கட்டினார். 2013-இல் கைத்தொழில் பள்ளி திறந்தார். ஊர் மீண்டது, ஒரே ஒரு பெயரைச் சுற்றி மீண்டது. மத்தளம்பாறையும் அந்த ஆபத்துக்கு விலக்கல்ல. ஸோஹோ பங்குச் சந்தைக்குப் போகாத நிறுவனம். காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கும் முதலீட்டாளர்கள் இல்லாததால் இப்படி ஒரு முடிவைப் பொறுமையாக எடுக்க முடிந்தது. மற்றவர்கள் இதை அப்படியே நகல் எடுக்க முடியாததற்கும் அதுவே காரணம். ஆகவே இந்தக் கொடையை அளக்க எத்தனை பேர் உள்ளே வேலை பார்க்கிறார்கள் என்ற எண் மட்டும் போதாது. எத்தனை பேர் வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள் என்றும் எண்ண வேண்டும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையின் கமிஷன் மண்டிக்காரர், தன் பில் போடும் திரையைத் தமிழில் வடிவமைத்துத் தரச் சொல்லி, தென்காசி மாடியறை ஒன்றில் இரண்டு கணினியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் விலை பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும்.