கேஸ் வாடையே வராது... ஆனா ஆளைச் சாய்ச்சிடும்! கேஸ் கீசரை எங்கே, எப்படி மாட்டணும்?

காலையில் குளிக்கப் போனவர் அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால் பதில் இல்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. கதவை உடைத்துப் பார்த்தால் தரையில் மயங்கிக் கிடக்கிறார். குளிர்கால மாதங்களில் பெங்களூருவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் அடிக்கடி வரும் செய்திதான் இது. இடமும் ஆளும் மாறினாலும் மாறாதவை இரண்டு: உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட குளியலறை, அதன் சுவரில் ஒரு கேஸ் கீசர்.

"கேஸ் லீக் ஆகியிருந்தா வாடை வந்திருக்குமே" என்பதுதான் அப்போது எல்லோருக்கும் வரும் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இங்கே கேஸ் லீக் ஆகவே இல்லை.

லீக் ஆகலைன்னா வேற என்ன?

எல்பிஜிக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைச் சேர்த்து சிலிண்டரில் அடைக்கிறார்கள். கீசர் எரியும்போது அந்தப் பொருளும் சேர்ந்தே எரிந்துபோகிறது. எரிந்த பிறகு வெளியே வரும் காற்றில் எந்த வாடையும் இருக்காது.

காற்று தாராளமாக இருந்தால் எல்பிஜி முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாக மாறும். காற்று போதாவிட்டால் அரைகுறையாக எரியும். அப்போது உருவாவதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போலத்தான் ஓடும், ஆனால் மூளைக்குப் போய்ச்சேர வேண்டிய ஆக்சிஜன் போகாது.

முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பலரும் இதை "வெந்நீர் ஆவி ஒத்துக்கலை" என்று நினைத்துவிடுகிறார்கள். கதவைத் திறக்கலாம் என்று தோன்றும்போது கை, கால் சொன்னபடி கேட்காது. இதன் கொடூரமே அதுதான்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்

கடைகளில் அதிகம் பார்க்கும் 6 லிட்டர் மாடலை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி அளவுக்குச் சூடேற்ற அது சுமார் 12 கிலோவாட் அளவுக்கு எரிய வேண்டும். வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் சுமார் 2 கிலோவாட். அதாவது குளியலறைக்குள் ஐந்தாறு பர்னர்களை ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்துவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

10 நிமிடக் குளியலுக்கு சுமார் 150 கிராம் எல்பிஜி எரியும். அது சரியாக எரிய ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடிக்கு 7 அடி, 8 அடி உயரம் என்று கட்டப்பட்ட குளியலறையில் மொத்தமாக இருப்பதே 8 கன மீட்டர் காற்று. ஒரே ஆளின் குளியலுக்குக் கால் பங்கு காலி! மிச்சமுள்ள காற்றும் சுத்தமாக இருக்காது. எரிந்து வெளியேறியதும் அதில்தான் கலந்திருக்கும், பர்னர் அதையே திரும்ப இழுக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு கூடும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர், அப்புறம் இன்னொருவர் என்று வரிசையாகக் குளிக்கும் வீட்டில் கடைசியில் போகிறவருக்கு ஆபத்து அதிகம்.

கதவிடுக்கு, வென்டிலேட்டர் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும். ஆனால் கேஸ் கீசரை அதிகம் போடுவது குளிர்காலத்தில். குளிர் தாங்காமல் அந்த ஜன்னலை அட்டை வைத்து அடைப்பதும் அதே குளிர்காலத்தில்தான்.

சரி, எங்கே மாட்டணும்?

குளியலறைக்கு வெளியே. பால்கனி, பின்கட்டு, துணி துவைக்கும் திறந்த இடம் என எங்கே காற்று தாராளமாக வந்துபோகிறதோ அங்கே. உள்ளே வர வேண்டியது வெந்நீர்க் குழாய் மட்டும். இதற்கு பிளம்பரிடம் கூடுதலாகச் சில அடி குழாய் போடச் சொன்னால் போதும். இந்தச் சில அடிக்கான செலவைத் தவிர்க்கப் போய்த்தான் பல வீடுகளில் கீசர் ஷவருக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.

வெளியே என்றாலும் எல்லா இடமும் ஒன்றல்ல. அடுக்குமாடிகளில் குளியலறை ஜன்னல்கள் எல்லாம் திறக்கும் குறுகலான டக்ட் சரிவராது. எரிந்த காற்று அங்கேயே தேங்கி மேல்வீட்டு ஜன்னலுக்குள் போகும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழேயும் வேண்டாம். மழைக்குப் பயந்து கதவு போட்ட மரப்பெட்டிக்குள் கீசரை அடைப்பதும் தவறு. மேலே ஒரு மறைப்பு போதும்.

சில மாடல்களில் எரிந்த காற்றை வெளியேற்ற புகைக்குழாய் இருக்கும். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே போய் முடிய வேண்டும். லாஃப்ட்டிலோ ஃபால்ஸ் சீலிங்கிலோ முடிந்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். "எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே" என்றும் அலட்சியமாக இருக்க முடியாது. புதுக்காற்று உள்ளே வர வழி இல்லாத அறையில் ஃபேன் ஓடினால், புகைக்குழாய் வழியாக வெளியேற வேண்டியதையே அது உள்ளே இழுத்துவிடலாம்.

எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, எரிந்ததை வெளியிலேயே விடும் மூடிய அமைப்பு கொண்ட கருவிகளும் உண்டு. வீட்டுக்கு வீடு கேஸ் பாய்லர் இருக்கும் பிரிட்டனில், 1998-ம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள்படி குளியலறையில் புதிதாகப் பொருத்த இந்த வகைக்கு மட்டுமே அனுமதி. அரசு அங்கீகரித்த பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் அதை மாட்ட முடியும்.

நம்ம ஊரில் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்க வேண்டும். எல்பிஜியில் ஓடும் சிறிய வாட்டர் ஹீட்டர்களுக்கான தரநிலை ஐஎஸ் 15558. ஆனால் முத்திரை சொல்வது கருவியைப் பற்றித்தான். அதை எந்தச் சுவரில் மாட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியாது! 20 நிமிடத்தில் தானாக அணையும் வசதி, ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சார் உள்ள மாடல்கள் கிடைக்கின்றன. இருந்தால் நல்லது. ஆனால் அவற்றை நம்பி உள்ளே மாட்டக் கூடாது.

சிலிண்டர் விஷயத்தில் அடுப்புக்குச் சொல்லும் அதே விதிகள்தான்: நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளமான இடம் கூடாது. ரப்பர் டியூபை சுவரைத் துளைத்து ஓட்டக் கூடாது, அதில் அச்சிட்டிருக்கும் தேதி முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். வாடை வந்தால் 1906-ஐ அழைக்கலாம்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

சுவரைத் துளைக்க ஓனர் விடமாட்டார், கீசரோ ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. இடம் மாற்றும்வரை ஒரே வழி: கதவைத் திறந்து வைத்தபடி பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, உள்ளே காற்று மாறிய பிறகு குளிக்கப் போவது. கீசர் எரியும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள் விஷயத்தில் இதில் சமரசமே வேண்டாம்.

தீ நீலமாக எரிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். மஞ்சளாக எரிந்தாலோ, மேல்மூடியில் கரி படிந்திருந்தாலோ சர்வீஸ் செய்யும்வரை பயன்படுத்தாதீர்கள். அலாரம் வாங்குவதாக இருந்தால் பெட்டியைப் படித்து வாங்குங்கள். எல்பிஜி கசிவு அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. முன்னது இந்த ஆபத்துக்குக் கத்தவே கத்தாது.

யாராவது மயங்கிட்டா?

கதவைத் திறந்ததும் கீசரை அணைத்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். தூக்கப் போகிறவரும் உள்ளே நின்று நேரத்தைக் கடத்தக் கூடாது. 108-க்கு அழைத்ததும் சொல்ல வேண்டியது: "கேஸ் கீசர் ஓடிட்டிருந்த குளியலறையில விழுந்துட்டார்."

இதைச் சொல்லாவிட்டால் சிகிச்சையே திசைமாறிப் போகலாம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் அது நார்மல் என்று காட்டும். சிலருக்கு வலிப்பு வரும், அதைக் காக்காய் வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு "கேஸ் கீசர் சிண்ட்ரோம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சிகிச்சை, முகமூடி வழியாகத் தரும் 100 சதவீத ஆக்சிஜன். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறைந்துவிடும். தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ மறதி, நடையில் தடுமாற்றம் தலைகாட்டலாம். அப்படி வந்தால் மறுபடியும் நரம்பியல் மருத்துவரிடம் போய், அன்று குளியலறையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.