கச்சேரி மேடையும் காமிராவும்



கச்சேரி கேட்கப் போகிறவர்களுள் கையில் காமிரா இல்லாதவர் இந்நாளில் மிகச் சிலரே. தனியாகக் காமிரா வாங்காதவருக்கும் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆதலால், ஃப்ளாஷ் விளக்கின் துணையின்றி இசை மேடையைப் படம் எடுப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று சில சொற்கள் பேச எண்ணுகிறேன். இருட்டு மண்டபத்தில் விளக்கின்றிப் படம் விழுமா என்று கேட்பீர்கள். நன்றாகவே விழும். அதற்கு வேண்டுவன காமிராவில் மூன்று திருத்தங்களும், பாட்டைக் கவனித்துக் கேட்கும் காதுமே. திருத்தங்களை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். காதுதான் நாளாக நாளாகப் பழக வேண்டியது.

முதலில், ஃப்ளாஷ் விளக்கு ஏன் வேண்டாம் என்பதைப் பார்ப்போம். ஒளி தூரம் செல்லச் செல்ல விரிந்து மெலிகிறது. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும்; மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். உங்கள் சிறு விளக்கு மூன்று மீட்டர் தூரத்துக்குப் போதுமான ஒளியைத் தருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் பதினெட்டு மீட்டருக்கு அப்பால் அமர்ந்திருந்தால், அவர்மேல் விழுவது அதில் முப்பத்தாறில் ஒரு பங்கே. அப்படியானால் மீதி வெளிச்சம் எங்கே போயிற்று? முன்வரிசைக்காரர்களின் பின்னந்தலைமேல் விழுந்தது! வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால், வெள்ளை வெளேரென்று நான்கைந்து பின்னந்தலைகளும், அவற்றுக்கு அப்பால் கரிய இருளும் இருக்கும். பாடினவர் யார் என்று எழுதித்தான் வைக்க வேண்டும்.

மேடைக்கு மிக அருகே சென்று அடித்தாலோ, அது பாடுகிறவரின் கண்ணில் அடிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் ஒரு மாலைக் கச்சேரி. பாடகர் தோடி ராகத்தை மெல்ல விரித்து, மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன, மண்டபம் மூச்சடக்கியிருந்தது. அந்த வேளையில் மேடையோரத்திலிருந்து அடுத்தடுத்து மூன்று மின்னல்கள். பாடகர் கண் திறந்தார், ஒரு கணம் நிறுத்தினார், மறுபடியும் தொடங்கினார். தொடங்கினார் என்பது உண்மைதான். ஆனால் ஏறிய இடத்திலிருந்து தொடங்கவில்லை. கீழேயிருந்துதான் வர வேண்டியிருந்தது. அன்று எடுத்த அந்தப் படங்கள் யாரிடம் இருக்கின்றனவோ, எனக்குத் தெரியாது. அங்கே கூடியிருந்த இருநூறு பேருக்கும் அந்த ஷட்ஜம் கிடைக்காமற் போனது மட்டும் எனக்குத் தெரியும்.

விளக்கின்றி உள்ளரங்கில் படம் எடுப்பது புதிய வித்தையன்று. ஒரு காலத்தில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தித்தான் உள்ளே படம் எடுத்தார்கள். பேரொளியும் புகையும் எழுந்து, எதிரே இருந்தவர்கள் திடுக்கிட்ட முகத்தோடேயே படத்தில் விழுந்தார்கள். 1924-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து எர்னமான் கம்பெனியார் எர்மனாக்ஸ் என்னும் சிறு காமிராவை வெளியிட்டனர். அதன் லென்ஸ் அக்காலத்துக்கு வியக்கத்தக்க அகலமுடையது. சட்டம் பயின்ற எரிக் சாலமன் என்பவர் 1928-இல் அதனை மறைத்து எடுத்துக்கொண்டு பெர்லின் நீதிமன்றத்துக்குள்ளும், பின்னர் அரசியல் மாநாடுகளுக்குள்ளும் சென்றார். பெரிய மனிதர்கள் கொட்டாவி விடுவதையும், காதோடு காது பேசுவதையும் இருந்த வெளிச்சத்திலேயே பிடித்தார். தாம் படம் எடுக்கப்படுவதை அவர்கள் அறியவே இல்லை. அவர் யூதர் ஆதலின் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். 1948-இல் காந்தியடிகளின் இறுதி நாட்களை நம் நாட்டில் படம் பிடித்த பிரெஞ்சுக்காரரான கார்த்தியே-பிரெஸ்ஸோனும் ஃப்ளாஷ் விளக்கை வெறுத்து ஒதுக்கியவரே.

நம் நீலகிரிக்கும் இக்கலையோடு ஓர் உறவு உண்டு. உதகையில் இந்து நகர் என்ற பகுதியை அறியாதவர் இல்லை. 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை அங்கே அமைந்து, பிரெஞ்சு நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியற்ற காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் பிலிம் செய்வதற்கு இன்றியமையாதவை; அதனால்தான் இம்மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளியின் உப்புக்கள் கலந்த பசையை மெல்லிய தகட்டின்மேல் பூச வேண்டும். அந்தப் பூச்சு ஒளி படாமலேயே நடைபெற வேண்டும். ஒளியைப் பிடிக்கும் பொருளை இருட்டிலே செய்தார்கள் என்பதை வகுப்பில் சொன்னால், மாணவர்கள் ஒரு முறையாவது வாய்விட்டுச் சிரிப்பார்கள். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. 'இந்து' பிலிம் சுருளை என்னைப் போன்ற முதியவர்களின் அலமாரிகளில்தான் தேட வேண்டும். ஒரு சுருளில் முப்பத்தாறு படம் என்ற கணக்கு ஒரு நன்மையைச் செய்தது: விரலை அழுத்துமுன் ஒருவன் இரண்டு முறை யோசித்தான்.

இப்போது அந்த மூன்று திருத்தங்களுக்கு வருகிறேன். இருட்டறைக்குள் நுழைந்ததும் நம் கண்ணின் பாவை விரிகிறது அல்லவா? லென்ஸுக்குள்ளும் அவ்வாறு விரிந்து சுருங்கும் துவாரம் ஒன்று உண்டு. அதன் அளவை எஃப் 1.8, எஃப் 2, எஃப் 5.6 என்றெல்லாம் குறிப்பார்கள். எண் சிறிதாகச் சிறிதாகத் துவாரம் பெரிதாகும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்; புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே. எஃப் 5.6-ஐ விட எஃப் 1.8 ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. முன்னதில் ஆறில் ஒரு விநாடி தேவைப்படும் படத்தைப் பின்னதில் அறுபதில் ஒரு விநாடியில் எடுத்துவிடலாம். ஆறில் ஒரு விநாடிக்குக் கையசையாமல் பிடிக்க யாராலும் இயலாது. விலையுயர்ந்த பெரிய லென்ஸ்தான் வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஐம்பது மில்லிமீட்டர் அளவுள்ள, எஃப் 1.8 துவாரமுடைய சிறிய லென்ஸ்தான் இவ்வகையில் விலை மலிவானது. நீளும் குழாய் போன்ற மலிவு லென்ஸ்கள் பகலில் பறவை பார்க்க உதவும், கச்சேரிக்கு உதவா.

இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். மூன்றாவது, பிலிமின் அல்லது இக்காலக் காமிராவின் உணர்வுத் திறன், ஐ.எஸ்.ஓ. என்பார்கள். நூறிலிருந்து ஆயிரத்து அறுநூறுக்கு உயர்த்தினால் பதினாறில் ஒரு பங்கு ஒளியே போதும். உயர்த்த உயர்த்தப் படத்தில் ரவை தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். தோன்றட்டும்! புள்ளியுள்ள தெளிந்த முகம், புள்ளியில்லாத கலங்கிய முகத்தைவிட எவ்வளவோ மேல். மங்கலான மேடையில் எஃப் 2, 1600, நூற்றிருபத்தைந்தில் ஒரு விநாடி என்று தொடங்கிப் பார்த்து, பின் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அளவையும் காமிராவின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது. பின்னால் கருந்திரை தொங்கினால், அந்த இருட்டைக் கண்டு ஏமாந்து அது ஒளியைக் கூட்டிவிடும். முகம் சுண்ணாம்பு பூசினாற்போல ஆகிவிடும். பாடுகிறவரின் கன்னத்தைப் பார்த்து அளவெடுங்கள். திரை இருண்டே கிடக்கட்டும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்று ஆதலின், பல விளக்குகள் நூறு முறை மினுங்குகின்றன. படத்தில் கோடு கோடாகப் பட்டை விழுந்தால், நூறில் அல்லது ஐம்பதில் ஒரு விநாடிக்கு மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவும் கைத்தொழில். இனித்தான் காதின் வேலை வருகிறது. நூற்றிருபத்தைந்தில் ஒரு விநாடி, மிருதங்க வித்துவானின் விரலை நிறுத்திவிடப் போதாது. ஆனால் எந்த வித்துவானின் கையும் இடையறாது ஓடுவதில்லை. வயலினில் வில் ஒரு திசையில் சென்று மறுதிசைக்குத் திரும்பும் இடத்தில் கணநேரம் நிற்கிறது. ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஒரு சுரத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது, அவர் கையும் நின்றுவிடுகிறது, முகமோ பேசுகிறது. தனி ஆவர்த்தனத்தின் முடிவில் கோர்வை மூன்று முறை வருவது வழக்கம். முதல் முறையில் கேளுங்கள். இரண்டாம் முறையில் காமிராவை உயர்த்திக் குறி வையுங்கள். மூன்றாம் முறை முடிந்து சமத்தில் விழும்போது விரலை அழுத்துங்கள். பாடகர் திரும்பி மிருதங்கக்காரரைப் பார்த்து முறுவலிப்பதும், வயலின்காரர் தலையசைப்பதும் அந்தக் கணத்தில்தான். தாளம் போடத் தெரியாதவனுக்கு அது தற்செயலாகக் கிடைக்கும். தெரிந்தவனுக்குத் தவணை சொல்லி வரும். இசைப் படம் எடுக்க விரும்பும் இளைஞர்களிடம், லென்ஸ் வாங்குமுன் ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையில் பழகுங்கள் என்று நான் சொல்வதுண்டு. வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

உட்காரும் இடமும் முக்கியமே. நேர் எதிரே அமர்ந்தால் மைக்குழல் பாடகரின் வாயை மறைக்கும். வழக்கமான அமைப்பில், நம் பார்வைக்கு மிருதங்கம் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்க வேண்டும் என்பதே காரணம். பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போன்ற இடக்கை வித்துவானுக்கு இது மாறிவிடும். ஆதலால் மேடை அமைப்பைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடுங்கள். ஒரே இடத்தில் இருந்து எடுங்கள். பூனைபோல நடந்தாலும், நடக்கிறவனைத்தான் கூட்டம் பார்க்கும். காமிராவின் பின்புறத் திரையின் ஒளியைக் குறையுங்கள். குறி வைக்கும்போது தானே எரியும் சிறு விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

மலைவாசிகளான நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. மார்கழி, தை மாதங்களில் உறைபனிக் குளிரிலிருந்து, நூறு பேரின் மூச்சுக்காற்றால் வெதுவெதுப்பான மண்டபத்துக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படிகிறது. கண்ணாடி அணிந்தவர்களுக்கு இது தெரியும். துடைத்தால் மீண்டும் படியும். காமிராவைப் பையை விட்டு எடுக்காமல் அரைமணி நேரம் அப்படியே வைத்திருங்கள். மண்டபத்தின் வெப்பம் அதற்கும் வந்துவிடும். வர்ணம் பாடி முடியும் வரையில் கேட்பதற்கு ஒரு நல்ல சாக்கு.

மண்டபத்துக்கு வெளியேயும் நம் மலையில் இசை உண்டு. சித்திரைத் திருவிழாவில் உதகை மாரியம்மன் கோயிலிலும், குன்னூர் தந்தி மாரியம்மன் கோயிலிலும் இவ்வழியைப் பழகிப் பார்க்கலாம். அந்தி மங்கி, வானில் நீலம் இன்னும் எஞ்சியிருக்கும் பதினைந்து நிமிடமே பொன்னான வேளை. விளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும்.

கோத்தர்களின் இசை இன்னும் கடினம், இன்னும் அழகு. கொள் என்னும் குழலும், கொம்பும், பறைகளும் முழங்க, நெருப்பைச் சுற்றி அவர்கள் ஆடுவார்கள். பனிக்காலத்து இரவில் நடைபெறும் தெய்வ விழாவில் அந்த நெருப்பே விளக்கு. அங்கே ஃப்ளாஷ் அடித்தால் நெருப்பு அணைந்தாற்போல வெளுத்துவிடும். ஆடுகிறவர்களின் கண்ணும் கூசும். எடுக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்களை முதலில் கேட்க வேண்டும். அது அவர்களுடைய வழிபாடு. நமக்காக நடக்கும் நிகழ்ச்சியன்று. கூடாது என்றால் காமிராவைப் பையில் வைத்துவிட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள். இசைந்தார்களானால், நெருப்பு உங்களுக்கும் ஆடுவோருக்கும் இடையே வராமல், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். வெண்ணிற மேலாடை நெருப்பொளியை வாங்கி முகத்தின்மேல் திருப்பிவிடும். 3200 அளவில், அறுபதில் ஒரு விநாடிக்கு அருகே முயலலாம். வட்டம் சுற்றிவரும் ஆதலால், பிடித்த முகம் போய்விட்டதே என்று ஓட வேண்டாம். அது மறுபடியும் வரும். விறகு சரிந்து சுடர் எழும் கணம் அதனோடு சேர்ந்து வந்தால் உங்கள் நல்லகாலம்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். எடுத்த படங்களுள் நன்றாக அமைந்த இரண்டு மூன்றைக் காகிதத்தில் அச்சிட்டு, உரியவர்களுக்கே அனுப்பி வையுங்கள். பாடகருக்குப் பலர் அனுப்புவார்கள். கடமும் கஞ்சிராவும் வாசிப்பவர்களுக்கும், பின்னால் அமர்ந்து தம்பூரா மீட்டுகிறவருக்கும் அனுப்ப யாரும் நினைப்பதில்லை. தம்பூராக்காரரின் முகம் பெரும்பாலும் பாடகரின் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். பாடகர் சற்றே சாயும் நேரம் பார்த்து அவரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.