தூரை விட்டால் திரும்பி வரும்

சீமைக்கருவேலத்தை வெட்டிய காட்டை ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். ஒற்றை மரம் நின்ற இடத்தில் ஏழெட்டுக் கொம்பு முள்ளோடு கிளம்பியிருக்கும். காரணம் எளிது. தண்டும் வேரும் சேரும் கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர்க்கும் மொட்டுகள் இருக்கின்றன. தரைக்கு மேலே ரம்பம் வைத்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. விறகு வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். சில வருடம் கழித்து மறுபடி வந்து அறுத்துக்கொள்வார். நாம் அகற்றினோம் என்று நினைப்பது அவருக்கு ஒரு மகசூல்.

அதனால் மரத்தை விலை பேசும்போதே தூரையும் பேசிவிடுங்கள். "ஓரடி ஆழத்துக்குக் குறையாமல் தோண்டி, தூரை எடுத்து, குழியை மூடித் தர வேண்டும்" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் வாங்கிவைத்து, குழியைக் கண்ணால் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள். சின்னக் கன்றுக்குக் கடப்பாரை போதும்; பெரிய தூருக்கு ஜேசிபிதான். சிலர் வெட்டிய கட்டையில் மண்ணெண்ணெயும் உப்பும் ஊற்றுகிறார்கள். கெடுவது உங்கள் மண். களைக்கொல்லி பூசுவதானால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தூர் போனாலும் விதை இருக்கிறது. நெற்றை ஆடு மாடு விரும்பித் தின்னும். சாணியோடு விதை வெளியே வந்து முளைக்கும். முளைக்காதது மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, சாண் உயரக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் செய்யுங்கள். இடத்தை வெறுமனே போடாமல் வேம்போ புங்கனோ வைத்தால், நிழலில் இந்தக் கன்று தேறாது.

முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும். நுனி ஒடிந்து உள்ளே நின்றால் சீழ் வைக்கும். ஊசியால் கிண்டாமல் ஆரம்ப சுகாதார நிலையம் போய், டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜன் தராது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். கண்மாயையும் வரத்துக்காலையும் புதராய் அடைப்பதே போதுமான குற்றம்.

பட்டா நிலத்தில் இருப்பதை அகற்றுவது உங்கள் பாடு. கண்மாய், ஓடை, மந்தைப் புறம்போக்கு மரங்கள் அப்படியல்ல; தொல்லைதான் என்றாலும் நீங்களே வெட்டி விற்றால் வழக்கு வரும். கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொதுப் பாதையை மரம் மறித்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் முறையிடலாம். அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். கண்மாய் மரம் ஏலம் போனால், தூர் எடுப்பது நிபந்தனையில் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த ஒரு வரியில்தான்.

ஜேசிபி வருமுன் நாட்டுக்கருவேலத்துக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை, நெற்று மணி கோத்தது போலிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர்.