குழி விழுந்த சாணைக்கல்லை மட்டமாக்குதல்

இடம்பெயர்ந்து வரும்போது சவரக் கத்தியையும் சாணைக்கல்லையும் மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எம்மிடையே உண்டு. வயலில்லாத இடத்தில் அதுவே அவர்களுக்குப் பிழைப்பு. பல வருடப் பாவனையால் அந்தக் கல்லின் நடு குழிந்திருக்கும். சவரக் கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். குழிந்த கல்லில் அது நடவாது. கூர் ஏறாத கத்தி தோலை வெட்டும், வாடிக்கையும் போகும். அதற்காகப் புதுக்கல் வாங்கக் கடன்பட வேண்டியதில்லை.

எதனால் தேய்ப்பது? சீமெந்துத் தரையில் தேய்ப்பதே பலரது வழக்கம். மண்வெட்டி தீட்டும் பருங்கல்லுக்கு அது பரவாயில்லை. நைசான கல்லிலோ தரையின் பருமணல் புதைந்து, பின்னர் கத்தி வாயைச் சிதைக்கும். இரண்டு கற்களை ஒன்றோடொன்று உரைத்தால் ஒன்று குழிய மற்றது புடைத்து, இரண்டும் பொருந்தியே நிற்கும், நாம் ஏமாறுவோம். மூன்று கற்கள் இருந்தால் சோடி மாற்றி மாற்றி உரைக்கலாம். வைரத்தூள் பதித்த தகடு மிக நல்லது. விலைதான் எமக்குக் கட்டாது.

எமது தெரிவு தடித்த கண்ணாடியும் தண்ணீரில் தேய்க்கும் கறுப்பு அரத்தாளுமே. கண்ணாடி 6 மில்லிமீற்றராவது தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய யன்னல் கண்ணாடி வளையும். அதைச் சமமான மேசையில் வையுங்கள். கல்லில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறுங்கள். 220 இலக்கத் தாளை நனைத்துக் கண்ணாடியில் படியவைத்து, அதன்மேல் கல்லைத் தேயுங்கள். நடுக்கோடும் அழிந்தால் கல் மட்டம். பின் 400 இலக்கத் தாளில் சிறிது நேரம் தேய்த்து, விளிம்பை மழுக்கி, நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய் ஊறிய கல்லாயின் முதலில் மண்ணெண்ணெயால் துடையுங்கள். உலர்ந்தபடி மட்டும் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.