முதனிலை அறியப்படாத புற்றுநோயைக் கண்டறிதல்: தேடலின் நோக்கமும் எல்லையும்

புற்றுநோய் எவ்வுறுப்பிற்குப் பரவினும் அது தோன்றிய உறுப்பின் பெயராலேயே வழங்கப்பெறுகிறது. கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடற் புற்று, பெருங்குடற் புற்றே, மருத்துவமும் அதற்குரியதே. பரவிய இடங்கள் தெரிந்தும் தோற்றுவாய் புலப்படாதபோது இவ்வொழுங்கு குலைகிறது. புற்றுநோயாளிகளுள் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காட்டினர் இந்நிலையினர். இதனை 'முதனிலை இல்லாத புற்று' என்பது பொருந்தாது. பிணக்கூறாய்வுகளில் நுரையீரலிலோ கணையத்திலோ மிகச்சிறிய மூலக்கட்டி பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

நோயியலாளர் முதலில் வினவுவது உறுப்பை அன்று, செல்லின் இனத்தை. நிணநீர்ப் புற்றும் மெலனோமாவும் வேறு புற்றைப் போலத் தோன்றி ஏமாற்றக்கூடும். அவை விலக்கப்பட்டபின், செல்லிலுள்ள புரதங்கள் சாயமேற்றிப் பார்க்கப்படுகின்றன. டிடிஎஃப்-1 புரதம் நுரையீரலையோ தைராய்டையோ சுட்டும். சைட்டோகெரட்டின் 7 இன்றி, சைட்டோகெரட்டின் 20உம் சிடிஎக்ஸ்2உம் இருப்பின் பெருங்குடல் மீது ஐயம் எழும். இவை குறிப்புகளே; தனித்து எதுவும் முடிவாகாது.

தேடலின் உண்மையான பயன், நன்கு குணமளிக்கும் சிறு பிரிவினரைத் தவறவிடாமையில் உள்ளது. இவர்கள் 15 முதல் 20 விழுக்காட்டினர். பெண்ணின் அக்குள் நிணநீர்க்கணுவில் மட்டும் சுரப்பிப்புற்று இருப்பின், மார்பகத்தில் கட்டி தென்படாவிடினும் மார்பகப் புற்றாகவே கருதப்படுகிறது. ஹால்ஸ்டெட் 1907இலேயே இத்தகைய நோயாளிகளை விவரித்துள்ளார். கழுத்துக் கணுக்களில் செதிற்செல் புற்று இருப்பின் உள்நாக்குச்சதையும் நாவின் அடிப்பகுதியும் ஆராயப்படும். அரிதினும் அரிதாக, இளைஞரின் மார்பு நடுவிலோ வயிற்றின் பின்புறத்திலோ வளரும் இனம் தெளியாத கட்டி, விந்தகத்திற்கு வெளியே தோன்றிய இனச்செல் கட்டியாக இருக்கலாம். குருதியில் ஆல்பா ஃபீட்டோ புரதம் மிகுதலும், 12ஆம் குரோமோசோமின் குறுங்கரம் பெருகியிருத்தலும் அதனைக் காட்டும். பிளாட்டினம் சார்ந்த மருந்தால் முற்றிலும் குணமாகவும் கூடிய நோய் இது. ஓர் எளிய குருதிச் சோதனை விடுபடின் அவ்வாய்ப்பு நழுவுகிறது.

ஏனையோர்க்கு நிலை வேறு. மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு மூல உறுப்பை ஊகித்து, அதற்கேற்ப மருந்தளித்த ஜப்பானிய ஆய்வில் (2019) ஓராண்டு உயிர்வாழ்வு மேம்படவில்லை. மாறாக, கட்டியின் மரபணு மாற்றங்களுக்கேற்ப மருந்தைத் தெரிந்த குப்பிஸ்கோ ஆய்வில் (2024), தொடக்க வேதிமருத்துவத்தால் நோய் கட்டுப்பட்டோரிடையே, நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் 4.4 மாதங்களிலிருந்து 6.1 மாதங்களாக உயர்ந்தது. முன்னது 'எங்குத் தோன்றியது' என்றும், பின்னது 'எது இயக்குகிறது' என்றும் வினவின.

நடைமுறையில் இவ்விரு வினாக்களும் ஒரே திசுத்துணுக்கிற்குப் போட்டியிடுகின்றன. ஊசிவழி எடுத்த துணுக்கு மிகச் சிறிது; சாயச் சோதனைகளை வரம்பின்றி அடுக்கினால் மரபணுச் சோதனைக்குத் திசு எஞ்சாது. எனவே எச்சோதனை முதலில் என்பதை, துணுக்கு எடுக்கப்படுமுன்பே மருத்துவரும் நோயியலாளரும் கூடி முடிவுசெய்தல் வேண்டும்.